ஏலவார்குழலி வீட்டு மாடியில் நிற்கும் சரக்கு வண்டி

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது என்று சொன்னால் பொய். என்னிடம் கேட்கப்பட்ட கதை இது. போன மே மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருத்தி எதிர்வீட்டு ஏலவார்குழலி, அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். மற்றவர் கிறிஸ்டோபர், வீடுகளுக்கு ஒயரிங் செய்கிறவர், ஏலவார்குழலியின் இறந்துபோன கணவர் நமச்சிவாயத்தின் நண்பர். இருவரும் ஒரே விஷயத்தைக் கதையாக எழுதித் தரச் சொன்னார்கள். முடிவு மட்டும் ஆளுக்கொன்று. பிளவுஸுக்கு அளவு கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு பேருக்கும் சரி என்றேன். எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கிடையாது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘பாலூரை விட்டுக் கிளம்பிய சரக்கு வண்டி, புகையைக் கக்கிக்கொண்டு வயல்வெளி நடுவே வாலாஜாபாத்தை நோக்கி’

அடித்துவிட்டேன். புகை இல்லை. என்ஜின் பார்க்கத்தான் நீராவி என்ஜின், ஓடுவது மின்சாரத்தில். வயல்வெளி தெர்மோகோல். பாலூருக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில் ஒரு பீரோ நிற்கிறது.

இரண்டாவது தொடக்கம்:

‘நமச்சிவாயம் நல்ல மனிதர்.’

இதையும் அடித்துவிட்டேன். செத்துப்போனவர்களுக்கு இந்தத் தள்ளுபடியை எல்லோரும் கொடுக்கிறார்கள். நான் வேறு கொடுக்க வேண்டுமா?

மூன்றாவது, வெறும் தகவல். இதை வைத்துக்கொள்வோம். நமச்சிவாயம் ஒரு பட்டுக்கடையில் சரக்குப் பொறுப்பாளராக இருந்தவர். செவிலிமேட்டில் தன் வீட்டு மாடி அறையின் நான்கு சுவரையும் சுற்றிப் பலகை அடித்து, செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் பாதையை மீட்டர்கேஜாக இருந்த காலத்தில், நீராவி என்ஜின் ஓடிய காலத்தில் எப்படி இருந்திருக்குமோ அப்படி, எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டினார். உள்ளங்கை நீளத்துக்கு ஒவ்வொரு வேகனும் கையால் செய்தது. மூடிய வேகன், திறந்த வேகன், மாட்டு வேகன், மண்ணெண்ணெய் டாங்கர், கடைசியில் கார்டு ஏறும் பிரேக் வேன். வேகனில் ஏறும்போது பிடித்துக்கொள்ளும் கம்பிக்குச் சரிகைக் கம்பியை வெட்டி ஒட்டியிருப்பார். மழையும் துருவும் பட்டது போலச் சாயம் பூசியிருப்பார். அழகு என்றால் அப்படி ஓர் அழகு. (இதை ஒப்புக்கொள்ளாமல் கதையை நகர்த்தலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.)

பொம்மை ரயில் என்றால் சுற்றிச் சுற்றி ஓடும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படிச் சொன்னால் இவர்களுக்குக் கோபம் வரும். நமச்சிவாயம், கிறிஸ்டோபர், ஓய்வுபெற்ற வங்கிக்காரர் உதயகுமார் மூவரும் ஞாயிறுதோறும் செய்ததற்குப் பெயர் ஆபரேஷன். ஒவ்வொரு வேகனுக்கும் ஓர் ஊரில் சரக்கு ஏறும், இன்னோர் ஊரில் இறங்கும். காரணம் இல்லாமல் எந்த வேகனும் நகரக் கூடாது. வேகனைக் கையால் தொடக் கூடாது, கழற்றி விடுவதற்கு ஓர் ஈர்க்குச்சி. சாயங்காலம் விட்டுவிட்டுப் போனால் எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கும். அடுத்த ஞாயிறு அங்கிருந்துதான் தொடரும்.

3

தை மாதத்தில் ஒரு ஞாயிறு மதியம், பீரோவுக்கு நேராக வண்டி வந்துகொண்டிருந்தபோது, வண்டியை ஓட்டும் கன்ட்ரோலரைக் கையில் வைத்திருந்த நமச்சிவாயம் தரையில் உட்கார்ந்தார். பிறகு சாய்ந்தார். மாரடைப்பு.

உதயகுமார் முதலில் கன்ட்ரோலரை எடுத்து வண்டியை நிறுத்திவிட்டு, அப்புறம்தான் அவரைத் தூக்கப் போனார்.

(இந்த வரியை எடுத்துவிடச் சொல்லி உதயகுமார் கேட்டுக்கொண்டார். ‘கை தானா போயிடுச்சி மேடம், வண்டி போயி முட்டிக்கும்னு’ என்றார். நம்புகிறேன். அதனால்தான் எடுக்கவில்லை.)

4

குழலி என்ன முடிவு கேட்டாள் என்று சொல்கிறேன். அதற்கு முன்னால் அவள் சொன்னதைச் சொல்ல வேண்டும்.

“பொண்ணு காலேஜ் சேந்த வருசம் எனக்கு அரூர்ல ஹெட்மிஸ்ட்ரஸ் போஸ்டிங் வந்துச்சி அலமு. இவரு இன்னா சொன்னாரு தெரியுமா? பலகையெல்லாம் செவுத்துல அடிச்சிருக்குது, பேத்தா வீணாப் பூடும், அடுத்த தபா பாத்துக்கலாம் குழலின்னாரு. வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்.”

“நீ மட்டும் போயிருக்கலாமே?”

“போயிருக்கலாம். இங்க யாரு சோறு ஆக்கறது, ஞாயித்துக்கெழம யாரு இவங்களுக்குக் காபி போடறதுன்னு நானேதான் நெனச்சிக்கினேன். அவரு வாயத் தொறந்து போவாதன்னு சொல்லல. அதான் எரியுது. சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்.”

பிறகு சொன்னாள்: “ஒரு உப்பு வேகன் நகர்றதுக்கு இன்னா காரணம்னு மணிக்கணக்கா பேசுவாங்கமா மேல. எனக்குக் காரணம் இருந்துச்சி. கையில ஆர்டர் இருந்துச்சி. ஒருத்தரும் கேக்கல.”

இப்போது மறுபடியும் கவுன்சிலிங்கில் பதவி உயர்வு வந்திருக்கிறது. போளூர். பள்ளி திறக்கிற அன்று சேர வேண்டும், சேராவிட்டால் போய்விடும். வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்த்தாகிவிட்டது. அவர்களுக்கு மாடி அறையும் வேண்டும். சுவரோடு சேர்த்து அடித்த பலகை படி வழியாக முழுதாக இறங்காது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

“கதையில இன்னா முடிவு வெக்கட்டும்?” என்று கேட்டேன்.

“அந்த ரூமு காலியா இருக்கணும். கூட்டிப் பெருக்கி வெச்சிருக்கணும். யாருக்கும் எதுவும் புரிஞ்ச மாதிரி மட்டும் எழுதிடாத.”

5

கருமாதி முடிந்த கையோடு நண்பர்கள் இருவரும் வந்து கேட்டார்கள். அண்ணன் ஓட்டிய வண்டி நடுவழியில் நிற்கிறது, அதைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறோம் என்று. குழலி சரி என்றாள். அந்த வண்டி சேர்கிற வரைக்கும் வாருங்கள், அப்புறம் கழற்றிவிடலாம் என்றாள். ஒரு ஞாயிறு ஆகும், மிஞ்சினால் இரண்டு என்று நினைத்தாள்.

பாசஞ்சர் வண்டி என்றால் அவள் நினைத்தது சரி. சரக்கு வண்டி அப்படிப் போய்ச் சேர்வதில்லை. வாலாஜாபாத்தில் இரண்டு வேகனைக் கழற்றுவார்கள், ஒன்றை மாட்டுவார்கள். காஞ்சிபுரத்தில் நாலைக் கழற்றி மூன்றை மாட்டுவார்கள். அரக்கோணம் போகும்போது பாலூரில் கிளம்பிய வண்டியில் என்ஜினும் பிரேக் வேனும் மட்டும்தான் மிச்சம் இருக்கும்.

இதில் அரிசி மில் வேகன் வேறு. நமச்சிவாயம் தன் கற்பனையில் வாலாஜாபாத்தில் ஓர் அரிசி மில் கட்டி, அதற்குத் தனியாக ஒரு கிளைப்பாதை போட்டிருந்தார். அது பிரிகிற திசை, காஞ்சிபுரம் பக்கமிருந்து வரும் வண்டிக்குத்தான் தோது. பாலூர் பக்கமிருந்து வரும் வண்டி அதற்குள் வேகனைத் தள்ளிவிட முடியாது, முன்னால் நிற்கும் என்ஜினே முதலில் உள்ளே போய் மாட்டிக்கொள்ளும். ஆகவே மில்லுக்குப் போக வேண்டிய வேகன் மில்லைத் தாண்டிக் காஞ்சிபுரம் போய்க் காத்திருந்து, எதிர்த்திசை வண்டியோடு திரும்பி வர வேண்டும். எதிர்த்திசை வண்டி அரக்கோணத்திலிருந்து சும்மா வராது, அதற்கும் சரக்கு வேண்டும். அந்தச் சரக்குக்கும் எங்காவது போக வேண்டும்.

மாசி போயிற்று, பங்குனி போயிற்று, சித்திரையும் போயிற்று. குழலி காபி போட்டுக்கொண்டிருந்தாள்.

(வாசகர் இந்த இடத்தில், அவர்கள் வேண்டுமென்றே இழுத்தடித்தார்கள் என்று நினைக்கலாம். நானும் முதலில் அப்படித்தான் எழுதினேன். இல்லை. விதிப்படிதான் செய்தார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை, ஒருவரும் கெட்டவர் இல்லை. ஒரு பெண்ணை வீட்டோடு கட்டிப்போட இந்த ஊரில் கெட்டவர்கள் தேவைப்படுவதே இல்லை.)

6

கிறிஸ்டோபர் கேட்ட முடிவு.

“அண்ணி மாடிக்கு வர்றாங்க மேடம். கன்ட்ரோலரக் கையில எடுக்கறாங்க. மெதுவா திருப்பறாங்க. வண்டி நகருது. அண்ணன் விட்ட எடத்துலருந்து அவங்களே ஓட்டிக்கினு போறாங்க. அப்போ அண்ணனோட மனசு அவங்களுக்குப் புரியுது. கண்ணுல தண்ணி வருது. கழட்ட வேணாம்னு சொல்லிடறாங்க. எப்பிடி கீது?”

நன்றாகத்தான் இருந்தது. எந்தப் பத்திரிகைக்கு அனுப்பினாலும் போடுவார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

கிறிஸ்டோபரைக் கோமாளியாக எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “எங்கப்பா கூட்ஸ் ஷெட்ல மூட்ட தூக்கனவரு மேடம். வண்டி வந்தா எப்பிடி நிக்கும், மூட்ட எந்தப் பக்கம் எறங்கும்னு யாரும் எங்கப்பாவக் கேட்டதில்ல. அண்ணன் வீட்டுக்கே வந்து, பாயில உக்காந்து, கேட்டு எழுதிக்கினாரு. அறுத்துப் போட்டா நான் எங்க போறது ஞாயித்துக்கெழம?”

குழலியிடம் நமச்சிவாயம் அப்படி உட்கார்ந்து எதையாவது கேட்டிருக்கிறாரா என்று திருப்பிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

7

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு. குழலி காபி எடுத்துக்கொண்டு என்னையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். “வா, நீயும் பாரு. அப்புறம் இஷ்டத்துக்கு எழுதுவ.”

உதயகுமார் காஞ்சிபுரம் யார்டில் ஈர்க்குச்சியோடு குனிந்திருந்தார். கிறிஸ்டோபர் அரக்கோணம் பக்கம்.

“சார், இன்னிக்கி முடிஞ்சிடுமா?”

“ஏறக்குறைய முடிஞ்ச மாதிரிதான் டீச்சர். அரிசி மில் வேகன் மட்டும் திரும்பணும். அதக் கூட்டியார்ற வண்டியில மாட்ட வேண்டிய காலி வேகன் திருமால்பூர்ல நிக்குது. ஒரே ஒரு ஞாயிறு...”

“நாளைக்குக் காலையில நான் போளூர் போறேன் சார்.”

“நீங்க போயிட்டு வாங்க டீச்சர். சாவிய மட்டும் எங்ககிட்ட...”

குழலி பலகையருகே போனாள். அரிசி மில் வேகனைக் கையால் தூக்கினாள்.

“அண்ணி! கை!” என்று கத்திவிட்டார் கிறிஸ்டோபர்.

“இது எங்க போவணும்?”

உதயகுமார் ஈர்க்குச்சியைக் கீழே வைத்தார்.

“கேக்கறேன் இல்ல? எங்க போவணும்?” வகுப்பறைக் குரல்.

“வாலாஜாபாத்... மில்லு,” என்றார் உதயகுமார். பையன் மாதிரி சொன்னார்.

பீரோவுக்குப் பக்கம் வரை போய் மில் வாசலில் வைத்தாள். திரும்பி வந்தாள். “இது?”

“திருமால்பூர்.”

வைத்தாள். “இது?”

“உப்பு. இங்கதான், கூட்ஸ் ஷெட்.”

ஒவ்வொன்றாக எடுத்து, கேட்டு, கொண்டுபோய் வைத்தாள். ஒரு வேகனின் சக்கரம் தண்டவாளத்தில் உட்காராமல் சாய்ந்து நின்றது. கிறிஸ்டோபர் அதைச் சரிசெய்யக் கையை நீட்டி, தொடாமல் இழுத்துக்கொண்டார். காபி ஆறுவதற்குள் எல்லாச் சரக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைசியில் பிரேக் வேன் அவள் கையில் இருந்தது.

“இது?”

“அது எங்கயும் போவாது அண்ணி. வண்டிக்குக் கடைசியில இருக்கும். வண்டி இல்லன்னா அதுக்கு வேல இல்ல.”

குழலி அதைக் கிறிஸ்டோபர் கையில் கொடுத்தாள். “வீட்டுக்கு எடுத்துக்கினு போ தம்பி.”

உதயகுமாரின் முகம் சிவந்துபோயிருந்தது. “இப்பிடிக் கையால எடுத்து வெக்கறதுன்னா, இத்தினி வருசம் நாங்க செஞ்சதுக்கு இன்னா அர்த்தம் டீச்சர்?”

“அது நான் கேக்க வேண்டிய கேள்வி சார்.”

படியிறங்கும்போது அவள் அழுவாள் என்று எதிர்பார்த்து முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். (எழுதுகிறவர்களுக்கு வெட்கம் கிடையாது என்று சொன்னேனே.) பாதிப் படியில் நின்று திரும்பினாள்.

“டம்ளர் மேலயே இருக்குது அலமு. எடுத்துக்கினு வா.”

8

குழலி போய்விட்டாள். முதல் பஸ்ஸிலேயே. பலகையை அறுக்க வருகிறவருக்குக் கொடுக்கச் சொல்லி வீட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அறுக்கிறவர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி இன்னும் வரவில்லை. வேகன்கள் அவள் வைத்த ஊர்களிலேயே நிற்கின்றன.

நேற்றுக் கிறிஸ்டோபர் வந்தார். சாவியைக் கேட்கவில்லை. குழலிக்கு நான் போன் போட வேண்டுமாம். “ஒரே ஒரு தபா வந்து ஓட்டிட்டுப் போகச் சொல்லுங்க மேடம். எங்களுக்கும் மனசு ஆறும்.”

“ஒங்க மனசு ஆறறதுக்கு அவ பஸ் ஏறி வரணுமா?” என்று கேட்டேன். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டுவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார்.

ஆகவே வாசகரே, இரண்டு பேரிடமும் சரி என்று சொன்ன நான் இரண்டு முடிவையும் எழுதப்போவதில்லை. சாவியை உங்களிடம் தருகிறேன். அறுக்கிறவர் வருவாரா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். வர வேண்டாம் என்றால் வர வேண்டாம். வாடகைக்கு வருகிறவர்கள் ரயில் பிரியர்களாக இருக்கட்டும். கிறிஸ்டோபரை ஆயுளுக்கும் ஞாயிறுதோறும் அங்கே உட்காரவையுங்கள், அவருடைய அப்பாவை ஷெட் வாசலில் மூட்டையோடு நிறுத்துங்கள், எனக்கும் அது பிடிக்கும். என்ஜினுக்குப் புகை வேண்டுமானால் விடுங்கள். நமச்சிவாயத்தை நல்லவர் என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், நான் வந்து அடிக்க மாட்டேன்.

போளூரில் ஒருத்தி காலை வழிபாட்டுக்கு மணி அடிக்கச் சொல்லிவிட்டு, வெயிலில் வரிசை சரியாக நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளை மட்டும் அந்த மாடிக்குக் கூப்பிடாதீர்கள். அவள் வர மாட்டாள். வருவதாக நான் எழுதவும் மாட்டேன்.