பழைய நம்பருக்குப் போன ஓடிபி

போடியில் அந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்ததிலிருந்தே மொக்கச்சாமிக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. மகள் முத்துப்பிரியாவுக்கு நர்சிங் சீட்டு கிடைத்துவிட்டது. இன்று சாயங்காலத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அது அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். உறுதி செய்ய வேண்டிய ஓடிபியோ, அவர் ஆதாரில் கொடுத்திருந்த பழைய நம்பருக்குப் போகிறது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டேன் என்கிற கதைதான்.

அந்த நம்பர் இப்போது அவருடையது இல்லை. குரங்கணிக்கு மேலே அவர் வேலை பார்க்கும் ஏலத்தோட்டத்தில் டவரே கிடைக்காது. கிடைக்காத டவருக்கு ரீசார்ஜ் என்ன கேடு என்று மாதக்கணக்கில் சும்மா போட்டு வைத்திருந்தார். கம்பெனிக்காரன் நம்பரைப் பிடுங்கி, கம்பத்தில் துணி தைக்கும் சுஃபியா என்ற பெண்ணுக்குக் கொடுத்துவிட்டான். பிறகு, மலையிலிருந்து இறங்கும் நாட்களுக்கென்று அவர் ஒரு புது நம்பர் வாங்கிக்கொண்டார்.

மகளின் போனை வாங்கி அந்த நம்பருக்கு அடித்தார்.

"ஓடிபியா? சொல்ல மாட்டேன்," என்றாள் சுஃபியா. "போன் அடிக்கிறப்பவே ஒரு பொம்பள தொண்டை கிழியச் சொல்றாளே, யார் கேட்டாலும் குடுக்காதீங்கன்னு. காதுல விழலையா?"

"அது என் நம்பரும்மா!"

"காசு போடுறது நானு, நம்பரு மட்டும் ஒங்களுதா?"

மொக்கச்சாமிக்கு மண்டை சூடேறியது. தன் பேரைச் சொன்னார், ஆதார் எண்ணைச் சொன்னார், பெண்டாட்டி பேரைச் சொன்னார், குலதெய்வத்தின் மேல் சத்தியமே செய்தார். திருடனுக்கு இதெல்லாம் மனப்பாடம் என்றுவிட்டாள். அதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட, முத்துப்பிரியா மறுபடி அனுப்பச் சொல்லித் தட்டினாள். "அப்பா, வெரசாப் பேசுங்க," என்றாள், அழுகிற குரலில்.

"சரி, ஒண்ணு கேக்குறேன்," என்றாள் சுஃபியா. "சிம்மு வாங்குனதுல இருந்து ஒருத்தரு கூப்பிட்டு என் உசிரை வாங்குறாரு. மொக்கச்சாமிகிட்ட போனைக் குடுங்கிறாரு. ராங் நம்பருன்னா நம்ப மாட்டேங்கிறாரு. 'அவந்தான் எங்கூடப் பேச இஷ்டமில்லாம ஒன்னைய விட்டுச் சொல்லச் சொல்றான்'னு அழுகுறாரு. அவரோட பேரும் ஊரும் சொல்லியிருக்காரு. நீங்க மொக்கச்சாமின்னா, அவரு யாரு?"

மொக்கச்சாமிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கிணற்று மோட்டாரை யார் எப்போது போடுவது என்ற சண்டை கைகலப்பில் முடிந்ததிலிருந்து அந்தப் பேரை அவர் வாயால் சொன்னதில்லை. வீட்டில் வேறு யாராவது சொன்னாலும் சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். ஓடிபி வாங்க வந்த இடத்தில் இது என்ன இழவு?

"அப்பா!" மகள் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"காமராஜ்," என்றார். "ராசிங்காபுரம். எங்கண்ணன்."

சுஃபியா ஆறு எண்களையும் சொன்னாள். முத்துப்பிரியா தட்டினாள். சீட்டு உறுதியானது.

"அண்ணே, வச்சிராதீங்க. அவரு இன்னைக்கும் கூப்பிடுவாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

"பேசுவேன்னெல்லாம் சொல்லாத. என் புது நம்பரை மட்டும் குடு," என்றார் விறைப்பாக.

சொல்ல வாயைத் திறந்தவருக்கு முதல் இரண்டு எண்ணுக்கு மேல் வரவில்லை. இதுவரை அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

"ஆத்தா," என்று மகள் பக்கம் திரும்பிப் பதறினார், "என் நம்பரு என்ன? வெரசாச் சொல்லு, அந்தப் பொண்ணு போனை வச்சிரப் போகுது."