பழைய நம்பர்

தையல்காரிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. புருஷனிடம் அடி வாங்கி அலுத்து, ஒருநாள் மகளைத் தூக்கிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் ஊர் மாறி வந்தவள். எங்கே இருக்கிறாள் என்று பெற்ற அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அவன் ஒரு மிரட்டு மிரட்டினால் அம்மா உளறிவிடுவாள்.

இப்போது அவள் தைக்கப் போகும் கம்பெனி வாசலில் ஒரு மெஷின் முளைத்திருக்கிறது. திங்கட்கிழமை முதல் அரசாங்க அடையாள அட்டையை அதில் தேய்த்தால்தான் உள்ளே விடுவார்களாம். தேய்ப்பதோடு விட்டால் பரவாயில்லை. எந்த இடத்தில் தேய்த்தாள் என்று அட்டையில் பதிந்த போன் நம்பருக்கு மெசேஜ் வேறு போகும். பதிந்திருப்பதோ புருஷன் நம்பர். கல்யாணமான புதிதில், "உனக்கெதுக்கு இந்தத் தலைவலி" என்று அவனே கொடுத்தது. அதைப் போய் அன்பு என்று நினைத்தாளே, அந்தக் கூத்தை எங்கே சொல்வது!

நம்பரை மாற்ற அரைநாள் லீவு போட்டுவிட்டு, சேவை மையத்தில் கால் கடுக்க நின்றாள். மகள் தோளிலேயே தூங்கிப்போனாள்.

கவுண்டரில் இருந்தவர் நல்ல மனிதர்தான். குழந்தையைப் பார்த்ததும் இவளை முன்னால் கூப்பிட்டார்.

"வாம்மா. நம்பர் மாத்தணுமா? கார்டைக் குடு, புது நம்பரைச் சொல்லு."

சொன்னாள். "சார், இது யாருக்கும் தெரியாதுல்ல?"

"யாருக்கும்மா தெரியப்போகுது? எனக்கும் கம்ப்யூட்டருக்கும்தான்."

நாளெல்லாம் கூட்டத்தோடு மாரடிக்கிறவர். முதலில் பட்டனை அமுக்கிவிட்டு, பிறகுதான் மற்றதெல்லாம் கேட்பார். அப்போதுதான் வரிசை நகரும்.

"பழைய நம்பருக்கு மெசேஜ்ல ஒரு ரகசிய எண் வந்திருக்கும். அதைச் சொல்லு, வேலை முடிஞ்சுது."

"பழைய நம்பருக்கா?"

"பின்னே? உன் பாதுகாப்புக்குத்தாம்மா."

"ஐயோ, அனுப்பாதீங்க சார்!"

"அனுப்பியாச்சே."

"அதுல இந்த இடத்துப் பேரு வருமா?"

"மையத்தோட பேரு, விலாசம் எல்லாமே வரும்." சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவர் அவள் முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது. "முதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?"

எப்படிச் சொல்வது? பின்னால் அத்தனை பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது, என் புருஷன் அடிப்பான் என்று கண்ணாடி ஓட்டை வழியாகக் கத்தியா சொல்வது? கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை. விடிவதற்குள் அவன் வந்து நிற்பான். பிடித்துப்போன வேலை, ஒழுகாத அறை, மகளுக்கு அலைந்து வாங்கிய பள்ளிக்கூட இடம், எல்லாம் போச்சு. மறுபடியும் மூட்டை கட்ட வேண்டும்.

குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்.

"அம்மா, கார்டு!"

நின்றாள். சனியன், இங்கேயே கிடக்கட்டும் என்று போய்விட்டால் என்ன? ஆனால் அடுத்த ஊரில் ரூம் கேட்டாலும், வேலை கேட்டாலும், முதலில் அதைத்தானே கேட்பார்கள்.

திரும்பி வந்து, கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.