இரண்டாவது பாட்டில்

வீட்டுக்காரர் நீட்டிய பாட்டில் சில்லென்று இருந்தது. மார்கழிக் காலையில் உறையூரில் எல்லாமே சில்லென்றுதான் இருக்கும் என்று பைக்குள் போட்டுக்கொண்டேன். கூடவே என் கேன். ஒரு நாள் முழுக்கப் போன மூத்திரத்தைச் சொட்டு விடாமல் சேர்த்து வைத்த வெள்ளைக் கேன். தில்லை நகர் லேபுக்கு டவுன் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டு அம்மாள், "பாலாங்க?" என்று கேட்டாள். "இல்லைங்க" என்றேன். வேறென்ன சொல்ல.

கால் வீக்கத்துக்குத்தான் முதலில் டாக்டரம்மாவிடம் போனேன். முழங்காலுக்குக் கீழே விரலால் அழுத்தினார். விழுந்த குழி அப்படியே நின்றது. டெஸ்ட் எடுத்ததில் கிட்னியில் புரதம் ஒழுகுகிறது, மூத்திரத்தில் பாதரசம் இருக்கிறது என்று வந்தது.

"முகத்துக்கு என்ன க்ரீம் போடுறீங்க?"

"மஞ்சள் மட்டுந்தாங்க."

"மொதல்ல எல்லாரும் இப்படித்தாம்மா சொல்வாங்க. செவப்பாக்குற க்ரீம் சிலதுல பாதரசம் இருக்கு. எதுலேருந்து வருதுன்னு தெரிஞ்சு நிறுத்தாம மருந்து மட்டும் குடுத்துப் பிரயோஜனமில்ல. கிட்னி போயிரும்."

சுருக்கென்றது. என்னைப் பார்த்தால் க்ரீம் போடுகிற முகமாகவா இருக்கிறது? அடுப்பில் வெந்த முகம். என் மூத்திரத்தை ஒரு நாள் முழுக்கச் சேர்த்தும், வீட்டில் வேறு யாருக்காவது பாதரசம் இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்காரருடையதை ஒரு பாட்டிலிலும் கொண்டுவரச் சொன்னார். அவர் என் பக்கத்தில் தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். எனக்காகத்தான் கவலைப்படுகிறார், பாவம் என்று நினைத்தேன்.

மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது லேபிலிருந்து ரஷீதா போன் பண்ணினாள். சிரிப்பை அடக்குகிற குரல்.

"வள்ளிக்கண்ணு அக்கா, உங்க கேன் டெஸ்டுக்குச் சென்னைக்குப் போயிருச்சு. சார் குடுத்தது வெறும் பைப்புத் தண்ணி, அக்கா. வேற வாங்கிட்டு வாங்க."

என் வீட்டுக்காரர் நல்லுசாமி ஜவுளிக்கடையில் பட்டு செக்‌ஷன். முதலாளி மகன் பொறுப்புக்கு வந்ததும், முன்னால் பளிச்சென்ற முகங்கள் நிற்கட்டும் என்று இவரை மூன்றாம் மாடியில் தலையணை உறை விற்க அனுப்பினான். ஆடித் தள்ளுபடியில் மறுபடி கீழே கூப்பிட்டான். "இப்பத்தான் அவனுக்குக் கண்ணு தெறந்திருக்கு" என்றார். அதற்கு முன்பே அவர் முகத்தில் நிறம் தெளிந்துவிட்டிருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. வீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே துண்டு. அவர் முகம் துடைத்த ஈரத்தில்தான் தினமும் நான் துடைப்பேன்.

வடித்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, லேபில் ஒரு காலி பாட்டில் வாங்கிக்கொண்டு கடைக்குப் போனேன். தை மாசக் கல்யாணத்துக்கு வந்த ஒரு பெண்ணுக்குக் காட்ட, அரக்குப் பட்டுப் புடவையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். லைட்டு வெளிச்சத்தில் கழுத்துக்கும் முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. இதைக்கூடப் பார்க்காமல் என்ன குடித்தனம் நடத்தினேன் என்று என் மேலேயே எரிச்சல் வந்தது. பாட்டிலைப் புடவைகளுக்கு நடுவில் வைத்தேன்.

"வள்ளி, இங்க வேணாம்."

"வேற எங்கங்க?"

குரலைத் தாழ்த்தினார். "அந்த க்ரீமை விட்டா மறுபடி மேல அனுப்பிருவான். இந்த வயசுல படி ஏறி எறங்கி..."

"டாக்டரம்மா என்னைப் பொய்க்காரின்னு நெனச்சாங்க. நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க. போறது என் கிட்னிங்க."

அந்தப் பெண், "அண்ணே, என் நிறத்துக்கு இது எடுப்பா இருக்குமா?" என்று கேட்டது. தோளிலிருந்த புடவையை எடுத்து, மடிப்புப் பார்த்து மடித்து அவள் முன்னால் வைத்தார். பிறகு பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. "நல்லாத்தாம்மா இருக்கும்" என்றேன்.

வரும்போது முகத்தைக் கழுவியிருந்தார். தாடையிலிருந்து தண்ணீர் சட்டையில் சொட்டியது. வழக்கம்போல என் முந்தானைக்குக் கை வந்தது. நான் அதை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவர் பாட்டிலை என் கையில் வைத்தார்.

வெதுவெதுப்பாக இருந்தது.