டெல்மரின் நாற்பத்தைந்தும் அர்லிஸின் ஹை-பவரும்

அந்த வீட்டில் இரண்டு பிஸ்டல்கள். கல்யாணமான நாளிலிருந்து அவற்றை வைத்துப் புருஷன் பெண்டாட்டிக்குள் ஓயாத சண்டை. டெல்மருடையது கோல்ட் நாற்பத்தைந்து, அர்லிஸுடையது ஹை-பவர். இரண்டையும் வடிவமைக்கத் தொடங்கியவர் ஒரே மனிதர்தான். அதைச் சொல்லி அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் யாரையும் சமாதானப்படுத்த முடியாது.

"உன்னுது அவர் செத்தப்புறம் எவனோ முடிச்ச அரைவேக்காடு. சுடுறவ கையையே கடிக்கும்," என்பான் டெல்மர். கடிக்கத்தான் செய்யும்; சுட்டதும் பின்னால் மடங்கும் அதன் சுத்தியல் கட்டைவிரல் இடுக்கைக் கிள்ளிவிடும்.

"உன்னுதுல ஏழே தோட்டா, என்னுதுல பதிமூணு. எண்ணத் தெரியும்ல?" என்பாள் அர்லிஸ்.

சனிக்கிழமைத் துப்பாக்கிப் போட்டியில் டெல்மர் சுடும் கோட்டில் நின்று விசையை இழுத்தான். வெடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். எதிரே இலக்காக வைத்த இரும்புத் தட்டுகள் அசையாமல் நின்றன.

"அழுக்கு அடைச்சிருக்கு, லாய்ட்," என்று போட்டி நடத்துபவரிடம் சொல்லிவிட்டு, தோட்டாக்களை எடுத்துவிட்டுத் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு வண்டிப் பக்கம் நடந்தான்.

அழுக்காவது மண்ணாவது! அர்லிஸுக்குத் தெரியும். நாற்பத்தைந்தின் பிடிக்குப் பின்னால் ஒரு பூட்டு உண்டு. உள்ளங்கை நன்றாக அழுத்தினால்தான் விசைக்கு வழிவிடும். டெல்மரின் கையோ, குளிர்காலம் முழுக்க ஊறுகாய் ஜாடியைத் திறக்கச் சொல்லி அவளிடம் நீட்டிய கை.

"இதை வித்துடறேன். இனிமே நீ மட்டும் வா," என்றான், பின்னால் வந்தவளிடம்.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. அவனில்லாமல் இங்கே வந்து யாரோடு சண்டை போடுவது? ஆனால் அவன் கையைப் பற்றி வாய் திறந்தால் காரியமே கெட்டுவிடும்.

"இத்தனை வருஷமா என் துப்பாக்கியைத் திட்டுறியே, ஒரு நாள் தொட்டுச் சுட்டிருக்கியா? பயந்தாங்கொள்ளி."

"யாருடி பயந்தாங்கொள்ளி? வா கோட்டுக்கு!"

லாய்ட் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார். ஹை-பவரில் அந்தப் பின்பூட்டு கிடையாது. தட்டுகள் மடமடவென்று சாய்ந்தன. திரும்பி வந்தவனின் விரல் இடுக்கில் ரத்தம், வாயெல்லாம் பல்.

"விசையா இது? சேத்துல கால் வெச்ச மாதிரி இருக்கு." அந்தத் திட்டுக்காகவே அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. "சரி, நீ எதால சுடுவ?" என்று கேட்டான்.

"உன்னுதாலதான்."

அவள் முறை வந்தது. நாற்பத்தைந்து கையில் கனத்தது. டெல்மர் பின்னால் வந்து நின்றான். எல்லோரும் காதை அடைத்திருந்ததால் கத்தித்தான் சொன்னான்; வரிசை முழுக்கக் கேட்டது.

"நல்லா அழுத்திப் பிடி, அர்லிஸ். என் கையில வலு இல்ல. நீ பிடி."

அவள் பிடித்தாள். கண்ணீரில் தட்டுகள் ஒரே மங்கலாகத் தெரிந்தன. லாய்ட் அவசரப்படுத்தவில்லை.