அறுந்த கேபிள்

தி.நகர் ஜவுளிக்கடையின் மூன்றாம் மாடித் தளம் கட்டடப் பொறியாளர் சந்திரிகாவின் டிசைன். புது லிஃப்டுக்காக அதில் துளை போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடிவந்தாள். அதற்குள் துளை விழுந்திருந்தது. சுற்றிலும் ஆடிச் சரக்கு மூட்டைகள்.

"உள்ள நாலஞ்சு கம்பி மாட்டிச்சு மேடம், அறுத்துட்டேன். டமார்னு இன்னாவோ சத்தம் வந்துச்சு," என்றான் மெஷின்காரன் ஏசுராஜ்.

அவை சாதாரணக் கம்பிகள் அல்ல, கான்கிரீட்டுக்குள் விறைப்பாக இழுத்துக் கட்டிய கேபிள்கள். நடுவில் தூணே இல்லாத அந்தத் தளம் அந்த இழுப்பில்தான் நின்றது.

"சார், கீழ இருக்கறவங்கள உடனே வெளிய அனுப்புங்க," என்றாள் சந்திரிகா, அங்கே நின்ற கடை முதலாளியிடம்.

"ஆடிக் கூட்டம்மா. நாலு கம்பிக்கா கடைய மூடச் சொல்லுதிய?" என்று முதலாளி கணேசமூர்த்தி சிரித்தார்.

அவள் அவரை இரண்டாம் மாடிக்கு அழைத்துப்போய் மேலே காட்டினாள். கூரையில் மயிரிழையாக ஒரு விரிசல். அடியில் பெண்கள் புடவைகளை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பார்க்கப் பார்க்க விரிசல் ஒரு சாண் நீண்டது.

கணேசமூர்த்தியே மைக்கை எடுத்தார். கூட்டம் முணுமுணுத்தபடி படியிறங்கியது. மேலிருந்து ஏசுராஜும் இறங்கி வந்தான். கடைசியாகச் சந்திரிகா வாசலைத் தாண்டியபோது, உள்ளே கான்கிரீட் முறியும் சத்தம் நிதானமாகத் தொடங்கியது.