கரண்ட் ராணியின் மீட்டர்

மின்விசிறி சுழன்று பதினோரு நாளாகிவிட்டது. மேல்மாடி வீடு; கூரை அனலைக் கொட்டியது. தையல்காரி நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு, மோட்டார் கழற்றிய தையல் மெஷினைக் காலால் மிதித்துக்கொண்டிருந்தாள். இஸ்திரிப் பெட்டி அலமாரிக்குள். சாவி கணவரின் சட்டைப்பையில். நாளைக் காலை பதினெட்டுப் பள்ளிச் சீருடைகளை மடிப்புக் கலையாமல் கொடுக்காவிட்டால் அந்த வேலையே கைநழுவிவிடும்.

கணவர் குடியிருப்புச் சங்கச் செயலாளர். மூன்று மாதத்தில் கட்டடம் மின்சாரத்தைக் கால் பங்கு குறைத்தால், மொட்டைமாடிக்கு வெயில் தடுக்கும் ஓடு பதித்துத் தருவதாக வீட்டுவசதி அலுவலகம் சொல்லியிருந்தது. அன்றிலிருந்து எல்லா வீட்டு யூனிட்டும் தினமும் லிஃப்ட் பக்கத்துப் பலகையில் ஏறியது. செலவில் முதலிடம் செயலாளர் வீட்டுக்கே! அதனால்தான் மின்விசிறிக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் கணவர் தடை போட்டிருந்தார்.

"என்ன கரண்ட் ராணி, கதவச் சாத்திக்கிட்டு ஃபேக்டரி எதுவும் நடத்துறியா?" என்று கீழ்வீட்டு அக்கா சிரிப்பாள்.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்றேன். என் வீடே இப்படின்னா எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?" என்பார் கணவர்.

"என் மூஞ்சியப் பாருங்க. வெந்து கிடக்கு."

அவர் பார்க்கமாட்டார். பலகையைத்தான் பார்ப்பார்.

இன்று மதியம் அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டு மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டு, கீழே மீட்டர் அறைக்குப் போனாள். மின்சாரம் ஓடினால் மட்டும் சிமிட்ட வேண்டிய அவள் வீட்டு மீட்டரின் சிவப்பு விளக்கு இப்போதும் விடாமல் சிமிட்டியது. பக்கத்தில் பொதுத் தண்ணீர் மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. ஏதோ தோன்ற, அதை அணைத்தாள். சிமிட்டல் நின்றது. போட்டாள், மறுபடி சிமிட்டியது.

மாலையில் வந்தவரை வாசலிலேயே மறித்து அழைத்துப்போய்க் காட்டினாள். அவர் முகம் பேயறைந்தாற்போல் ஆனது.

"ஐயையோ! போன வருஷம் மோட்டார் லைன் எரிஞ்சப்போ, 'இப்போதைக்கு எங்க லைன்லேருந்து எடுத்துக்கோ'ன்னு எலக்ட்ரீஷியன்கிட்ட நான்தான் சொன்னேன். சுத்தமா மறந்துட்டேன்."

"நீங்களேவா?"

"தண்ணியில்லாம எல்லாரும் தவிச்சாங்கம்மா."

கோபத்துக்கு நடுவிலும் அவளுக்கு மனசு இளகிற்று. அடுத்த வாக்கியம்தான் கெடுத்தது.

"இன்னும் இருபது நாள்தான். மூணு மாசக் கெடு முடிஞ்சதும் மாத்திக்கலாம். இப்போ தெரிஞ்சா என்னைக் கேலி பண்ணியே கொன்னுடுவாங்க."

"இப்போ என்னைப் பண்றாங்களே, அது?"

அவர் முன்னால் படியேறினார். பின்னால் ஏறியவளுக்கு இரு பக்கச் சுவரும் நெருங்கி வந்து நெஞ்சை அழுத்தின. இன்னும் இருபது நாள் இந்தப் புழுக்கம். கூடவே மெல்லவும் முடியாத, விழுங்கவும் முடியாத இந்த ரகசியம்.

வீட்டுக்குள் நுழைந்து மெயினை ஏற்றினாள். கையை நீட்டினாள்.

"சாவி."

கொடுத்தார். அவள் முதல் சீருடையை விரித்தபோது பின்னால் கதவு திறந்து மூடியது. இரண்டாவது சட்டையில் இருக்கும்போது, கீழே லிஃப்ட் பக்கமிருந்து கீழ்வீட்டு அக்காவின் சிரிப்பு நாலு மாடியும் ஏறி வந்தது.

"அடப்பாவமே! அப்போ கரண்ட் ராஜா நீங்கதானா, செயலாளரே?"

படிகளில் செருப்புச் சத்தம் மெதுவாக மேலேறியது. வாசலில் வந்து நின்றது. உள்ளே வரவில்லை.

தையல்காரி நிமிரவில்லை. மின்விசிறியின் சுவிட்ச் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அவரே வந்து போடட்டும் என்று மூன்றாவது சட்டையை எடுத்தாள்.