பெட்டி மட்டும் புதுசு

1
இந்தக் கதை எனக்கு வரிசையில் நின்றபோது கிடைத்தது. நேரு வீதியில் ஒரு செல்போன் நிறுவனத்தின் ஷோரூம். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், என் நம்பரும் அவர்களிடம்தான் இருக்கிறது. எனக்கு முன்னால் ஜீனத்துன்னிசா நின்றிருந்தார்.

கடற்காற்று வீசிய அந்த மாலையில் அவர் மனம்...

(அந்த வரியை அடித்துவிட்டேன். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது.)

2
ஜீனத்துன்னிசாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. [பார்த்தால் தெரியாது.] முப்பது வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. பேச்சு போகவில்லை. எதிரே இருப்பவரின் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார். பாரீஸ் பக்கம் இருக்கும் தங்கை நூரீனோடு வாரம் தவறாமல் வீடியோவில் பேசுவதும் அப்படித்தான்.

இரண்டு வருடத் திட்டத்தில் சேர்ந்தால் புத்தம்புது போன் என்றார்கள். பழையதைக் கொடுத்துவிட்டு இதை வாங்கினார். முந்தாநாள் நூரீன், "அக்கா, ஒரு விஷயம் சொல்லணும்" என்றாள். அத்தோடு படம் நின்றுவிட்டது, வாய் பாதி திறந்தபடி. மறுபடி மறுபடி முயன்றதில் விதவிதமான பாதி வாய்கள்தான் கிடைத்தன. எழுதி அனுப்பச் சொன்னால், "மாட்டேன், உன் மூஞ்சியப் பாத்துதான் சொல்லுவேன்" என்று பதில். நல்லதா, கெட்டதா? இரண்டு நாளாக அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

3
கவுண்டரில் முகிலன். இவரை வில்லனாக்க எண்ணி முதலில் ஒரு முறுக்கு மீசை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். பாவம், மதியம் சாப்பிடாத முகம். தங்கையின் பாதி வாய் வரை எல்லாவற்றையும் ஜீனத்துன்னிசா அவரிடம் சொல்லி முடித்தார்.

"புது மாடல்தாங்க மேடம்."

ஜீனத்துன்னிசா பெட்டியைத் திருப்பி, அதிலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தார். அடியில் இன்னொரு ஸ்டிக்கர் இருந்தது. போன் தயாரானது ஆறு வருடத்துக்கு முன்பு.

"ஸ்டாக் இப்பதான் வந்துச்சு மேடம்."

"எங்கிருந்து? மியூசியத்துலேருந்தா?"

"எங்க கையில ஒண்ணும் இல்லீங்க. கஸ்டமர் கேருக்கு போன் பண்ணிச் சொல்லுங்க."

"எனக்குக் காது கேக்காது தம்பி. நீங்களே பண்ணுங்க."

4
முகிலன் அந்த போனிலேயே அழைத்தார். ஒன்றை அழுத்தினார், நான்கை அழுத்தினார், பாட்டு கேட்டார். [பாட்டு இருபது நிமிடம் ஓடியது. வாசகர் விரும்பினால் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம்.] கடைசியில் ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் பெயரைக் கேட்டது.

"ஜீனத்துன்னிசா" என்றார் முகிலன், கட்டைக் குரலில்.

"போனை ஒருதரம் ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்."

"ஆஃப் பண்ணா நீங்க கட்டாயிடுவீங்களே!"

அதற்குள் அதுவாகவே கட்டானது. மறுபடி அழைத்தார், மறுபடி பாட்டு. இம்முறை போனை மாற்றித் தருவதாகச் சொன்னார்கள். அதே மாடல்.

முகிலன் எழுந்து நின்றுவிட்டார். "அதே மாடலா? ஆறு வருசப் பழச எத்தினி தடவ மாத்துவீங்க? அவங்க தங்கச்சி என்னா சொல்லுதுன்னு தெரியாம ரெண்டு நாளா தவிக்கிறாங்க!"

வரிசையில் யாரோ கைதட்டினார்கள். முகிலனின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த ஜீனத்துன்னிசா அப்போதுதான் சிரித்தார்.

5
முதல் முடிவு: நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. (நீங்களே நம்பமாட்டீர்கள்.)

இரண்டாம் முடிவு: ஜீனத்துன்னிசா அந்த போனை ஓங்கி... (இல்லை. அவர் அப்படிப்பட்டவர் அல்லர்.)

நடந்தது இது. திட்டத்தை ரத்து செய்யும் படிவத்தை முகிலனே நிரப்பினார். பிறகு தன் சொந்த போனை நீட்டினார். அதில் போட்டி நிறுவனத்தின் பெயர் மின்னியதை நான் பார்த்துவிட்டேன்.

"இதுல பேசுங்கம்மா."

நூரீனின் முகம் பளிச்சென்று வந்தது. இரண்டே வாக்கியம்தான் பேசினாள். ஜீனத்துன்னிசா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "அடிப்பாவி! இந்த வயசுலயா!" என்று கவுண்டரைத் தட்டித் தட்டிச் சிரித்தார். கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

நூரீன் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது. முகிலனுக்கும் கேட்டிருக்கும். அவர் சட்டென்று திரும்பி, ஏற்கெனவே அடுக்கியிருந்த பெட்டிகளை மறுபடி அடுக்கத் தொடங்கினார். நானும் அவரைப் போலவே திரும்பிக்கொள்கிறேன். அந்தச் சிரிப்புக்குப் பொருந்துவதாக ஒரு செய்தியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.